மாணவர் விமானப் போட்டியின் விதிப் புத்தகம்: ட்ரான்ஸ்மிட்டர் பிடிப்பவனின் விமர்சனம்

விதிப் புத்தகத்துக்குப் போய் விமர்சனமா என்று சிரிக்கலாம். ஒரு சர்வோ, அதாவது விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சின்ன மோட்டார், வாங்கினால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், ஒரு சார்ஜருக்கு அரை மணி நேரம் வீடியோ போடுகிறோம். ஆனால் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு மாணவர் குழுவின் தூக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வது ஒரு பிடிஎஃப் கோப்புதான். அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா, எங்கே இடிக்கிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த விமர்சனத்தின் சாய்வு அதில்தான் இருக்கிறது. நான் விமானப் பொறியியல் படித்தவன் இல்லை. ஆர்சி விமானம் ஓட்டுகிறவன், அதாவது தரையில் நின்று ட்ரான்ஸ்மிட்டர் என்ற ரேடியோ ரிமோட்டால் ஓட்டுகிறவன். மாணவர்கள் கட்டி முடித்ததும் முதல் பறப்புக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பசை காய்ந்தும் காயாமலும் இருக்கிற விமானத்தைக் காட்டி, "அண்ணா, சிஜி கொஞ்சம் பின்னாடி இருக்கு, பாத்து ஓட்டுங்க" என்பார்கள். சிஜி என்றால் விமானத்தின் எடை மையம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். ஆகவே விதிகளை நான் வாசிப்பது, அந்த விமானம் என் கட்டைவிரலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்ற கண்ணோடுதான்.

எடுத்துக்கொண்டது ஏஐஏஏ என்ற அமெரிக்க விமான, விண்வெளிப் பொறியாளர் அமைப்பு நடத்தும் 'டிசைன், பில்ட், ஃப்ளை' போட்டி. எல்லோரும் டிபிஎஃப் என்பார்கள். 1996-97 கல்வியாண்டில் தொடங்கியது. இறுதிப் பறப்பு ஏப்ரலில், பெரும்பாலும் அரிசோனாவின் டூசானிலோ கான்சாஸின் விச்சிட்டாவிலோ நடந்துவந்திருக்கிறது. ரிமோட்டில் ஓடும், மின்மோட்டார் வைத்த, ப்ரொப்பெல்லர் விமானம். ஹெலிகாப்டர் மாதிரி சுழலிறக்கை கூடாது, பலூன் மாதிரி மிதப்பதும் கூடாது. ஒப்பிட, எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஏரோ டிசைன் போட்டி விதிகளையும் ஐரோப்பாவின் ஏர் கார்கோ சேலஞ்ச் போட்டி விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தின் உயிர் மதிப்பெண் சூத்திரத்தில் இருக்கிறது. மீதி எல்லாம் அதைச் சுற்றி நிற்கிற வேலி.

2023-24 விதிகளை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் கதை நகரத்துக்குள் பறக்கும் வாடகை விமானம். இறக்கை நீளம் 5 அடிக்கு மேல் போகக் கூடாது. 20 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 6 மீட்டருக்குள், தரையை விட்டு எழும்ப வேண்டும். அதோடு 2.5 அடி அகலமுள்ள நிறுத்துமிடத்தில் விமானம் அடங்க வேண்டும், எனவே இறக்கையை மடக்கவோ திருப்பவோ ஏதாவது வழி செய்தாக வேண்டும். பயணிகள் என்பது மரத்தால் ஆன சின்ன பொம்மைகள். முதல் பறப்பு மூன்று சுற்று பறந்து காட்டுவதோடு சரி. முடித்தால் 1 புள்ளி. இரண்டாவது பறப்பில் நோயாளியும் மருத்துவப் பெட்டியும் ஏறும். பெட்டியின் எடையை, மூன்று சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். மூன்றாவதில் பயணிகள். சுற்றுகளின் எண்ணிக்கையைப் பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, பேட்டரியின் கொள்ளளவால் வகுக்க வேண்டும்.

வகுக்க வேண்டும் என்ற இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு குழு 100 வாட்-மணி பேட்டரியோடு 30 பொம்மைகளை ஏற்றி, கொடுத்த ஐந்து நிமிடத்தில் 6 சுற்று அடிக்கிறது. ஆறு முப்பது 180, நூறால் வகுத்தால் 1.8. இன்னொரு குழு 25 வாட்-மணி பேட்டரியோடு 20 பொம்மைகளை ஏற்றி, மெதுவாக 4 சுற்று. எண்பதை 25-ஆல் வகுத்தால் 3.2. பார்க்கிற கூட்டம் முதல் விமானத்துக்குத்தான் கை தட்டும். புள்ளி இரண்டாவதுக்குப் போகும்.

இதோடு முடியவில்லை. இப்படி வந்த எண் நேராகப் புள்ளி ஆகாது. அன்று யார் எடுத்தது அதிகமோ, அதனால் மறுபடியும் வகுப்பார்கள். 3.2 எடுத்த குழுதான் முதலிடம் என்றால் அதற்கு 2-உடன் முழு 1 சேர்ந்து 3. மற்றக் குழுவுக்கு 1.8-ஐ 3.2-ஆல் வகுத்து 0.56, அதோடு 2 சேர்ந்து 2.56. எவ்வளவு சுமாராகப் பறந்தாலும் முடித்துவிட்டால் 2 உறுதி. மீதி ஒன்றுக்குத்தான் இத்தனை சண்டை.

இதில் எனக்குப் பிடித்ததும் இருக்கிறது, எரிச்சலூட்டுவதும் இருக்கிறது. பிடித்தது: இறக்கையை இப்படிச் செய், மோட்டாரை இதை வாங்கு என்று புத்தகம் எங்கும் சொல்வதில்லை. எடையைப் பெருக்கலிலும் நேரத்தையோ பேட்டரியையோ வகுத்தலிலும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெரிய விமானமா, சின்னதா என்று குழுவே முடிவெடுத்தாக வேண்டும். இரண்டாம் பறப்பு கனத்தையும் வேகத்தையும் கேட்கிறது, மூன்றாவது சிக்கனத்தைக் கேட்கிறது, இரண்டையும் ஒரே விமானம்தான் செய்ய வேண்டும். எது அதிகம் தரும் என்று அட்டவணை போட்டு உட்கார்ந்து பார்க்காமல் பால்சா மரத்தை வெட்டத் தொடங்குகிற குழு அங்கேயே பின்தங்கிவிடும்.

எரிச்சல்: உங்கள் புள்ளி உங்கள் கையில் இல்லை. முகம் தெரியாத ஒரு குழு ஏப்ரலில் என்ன எடுக்கப்போகிறது என்பதை அக்டோபரிலேயே ஊகிக்க வேண்டும். அனுபவமுள்ள குழுவிடம் பழைய ஆண்டுகளின் பதிவுகள் இருக்கும், ஓரளவு கணிக்கும். முதல் தடவை வருகிறவர்கள் இருட்டில் கல் எறிவார்கள். பசங்க என்னிடம் வந்து, "முப்பது பொம்மை போதுமாண்ணா, நாப்பது ஏத்தலாமா" என்று கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? ஏற்றினால் எழும்புமா என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

ஆனால் பழைய முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். முன்பு ஆர்ஏசி என்று ஒன்று வைத்திருந்தார்கள், விமானத்துக்கு ஒரு மதிப்பிட்ட விலை. வெறும் விமானத்தின் எடை மாதிரியான அளவுகளை வைத்து அதைக் கணக்கிட்டு, மொத்தப் புள்ளியையும் அதனால் வகுப்பார்கள். 2016-17 போட்டியில் விமானத்தை மடக்கி ஒரு குழாய்க்குள் போட வேண்டும். விமானத்தின் எடையையும், குழாயின் நீளத்தையும் சுற்றளவையும் கூட்டிய தொகையையும் பெருக்கினால் ஆர்ஏசி. மொத்தத்துக்கும் வகுஎண் அதுதான் என்றால் என்ன நடக்கும்? ஒவ்வொரு கிராமும் எதிரி ஆகும். கைக்குட்டை மாதிரி விமானம் கட்டுவார்கள். காற்று கொஞ்சம் தூக்கினாலும் அதை ஓட்டுகிறவன் பாடு திண்டாட்டம். ஆர்ஏசியை எடுத்தது எனக்கு நிம்மதி. கணக்குப் பிரியர்களுக்கு வருத்தம் இருக்கலாம்.

பேட்டரி விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டிகளின் குணம் மாறுவதே இந்த இடத்தில்தான். டிபிஎஃப் கடந்த சில ஆண்டுகளாக மொத்த ஆற்றலுக்கு வரம்பு வைக்கிறது: 100 வாட்-மணி. ஆறு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 22.2 வோல்ட், 4500 மில்லியாம்ப் மணியில் 99.9 வந்துவிடும், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. பயணி விமானத்தில் லித்தியம் பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோகும் வரம்பும் இதே 100 என்பதால் குழுக்களுக்கு வசதி. எஸ்ஏஈ ரெகுலர் வகுப்பு வேறு வழியில் போகிறது. அங்கே வரம்பு திறனுக்கு, அதாவது ஒரு நேரத்தில் எத்தனை வாட் இழுக்கலாம் என்பதற்கு. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே அதற்கு மேல் போகவிடாத ஒரு லிமிட்டரை மாட்டச் சொல்கிறார்கள். முன்பு 1000 வாட், பிறகு 750 என்று குறைத்தார்கள். ஏர் கார்கோ சேலஞ்ச் இன்னும் கறார்: எல்லாக் குழுவுக்கும் ஒரே மோட்டார்.

காகிதத்தில் மூன்றும் ஒன்று போலத் தெரியும். ட்ரான்ஸ்மிட்டரில் மூன்றும் மூன்று விலங்கு. ஆற்றலுக்கு மட்டும் வரம்பு என்றால், எழும்பும் அந்த ஆறு மீட்டரில் முழு த்ராட்டிலும் (மோட்டாரின் முழு வேகத்தையும்) கொடுத்துவிட்டு, மேலே போனதும் பாதிக்கு இறக்கி மிச்சம் பிடிக்கலாம். பைலட்டின் கைக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. திறனுக்கு வரம்பு என்றால் எழும்பும் நொடியில்தான் கழுத்தைப் பிடிக்கும். பாரம் முழுவதையும் தூக்கத் தேவையான உந்துவிசை இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மேலே பறப்பது சாதாரணம். அதனால் எஸ்ஏஈ விமானங்கள் நீண்ட இறக்கையும் பெரிய ப்ரொப்பெல்லருமாக, மெதுவாக, கனமாக எழும்பும். டிபிஎஃப் விமானங்கள் சின்னதாக, முரட்டுத்தனமாக இருக்கும். எனக்கு டிபிஎஃப் வழி பிடிக்கும். ஆனால் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எதில் அதிகம் என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே மோட்டார் என்பதைத்தான் சொல்வேன். மோட்டார் விற்பவரின் அட்டவணையைப் புரட்டும் வேலை போய், இறக்கையைப் பற்றி யோசிக்கும் வேலை மட்டும் மிஞ்சும்.

அடுத்தது தொழில்நுட்பச் சோதனை. புத்தகத்திலேயே மிக நேர்த்தியாக எழுதப்பட்ட பகுதி இது. அதில் ஒரு சோதனை: முழு பாரத்தையும் ஏற்றி, இரண்டு இறக்கை நுனிகளை மட்டும் பிடித்து விமானத்தைத் தூக்குவார்கள். இறக்கை தாங்குகிறதா என்றும், குறித்து வைத்த இடத்தில்தான் சிஜி இருக்கிறதா என்றும் ஒரே தூக்கில் தெரிந்துவிடும். வெறும் விமானத்தின் சிஜி, பாரம் ஏற்றிய சிஜி இரண்டையும் உடம்பில் வெளியே தெரியும்படி குறித்திருக்க வேண்டும். கருவி வேண்டாம், கணினி வேண்டாம், இரண்டு கைகள் போதும்.

இந்தத் தூக்கு ஏறக்குறைய 2.5 ஜி பாரத்துக்கு, அதாவது விமானத்தின் எடையைப் போல் இரண்டரை மடங்குக்கு, சமம் என்று விதி சொல்கிறது. அது எப்படி என்று ஒரு மாணவி எனக்கு விளக்கினாள். பறக்கும்போது தூக்குவிசை இறக்கை முழுவதும் பரவியிருக்கும். நீள்வட்டப் பரவல் என்று வைத்துக்கொண்டால் அதன் மையம் அரை இறக்கையின் 42 சதவீதத்தில் விழும். நாம் பிடிப்பதோ நுனியில். நெம்புகோல் நீளம் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் நடுவில் விழும் வளைவுச்சுமையும் அவ்வளவு மடங்கு. கணக்கு போட்டால் 2.4 அருகே வருகிறது.

ஆனால் இங்கே என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் தேறிவிட்டோம் என்று குழுக்கள் துள்ளுகிறார்கள். பாதை என்ன? தொடக்கக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 500 அடியில் திருப்பம், திரும்பி வரும் நேர்கோட்டில் நடுவே ஒரு முழு வட்டம். நேரத்தால் வகுக்கும் பறப்பில் திருப்பத்தை யாரும் அகலமாக எடுக்க மாட்டார்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினாலே 2 ஜி. 70 டிகிரிக்கு 2.9. 75 டிகிரிக்கு 3.9. அங்கே போய் 2.5 மறந்துபோகும். நான் ஓட்ட வேண்டிய விமானம் என்றால், நுனியில் பிடித்துத் தூக்கும்போது உள்ளே போட்டியில் ஏற்றப்போகும் எடையைவிடப் பாதி அதிகமாக ஏற்றச் சொல்வேன். கிறீச்சென்று சத்தம் வந்தால் அன்று பறப்பு இல்லை. விதி கேட்பது குறைந்தபட்சம்தான், அதைக் குழுக்கள் இலக்காக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

ஃபெயில்சேஃப் விதி பற்றி ஒவ்வொரு ஆண்டும் யாராவது என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சிக்னல் அறுந்தால் விமானத்திலுள்ள ரிசீவர் தானாகச் செய்ய வேண்டியவை: த்ராட்டில் மூடல், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது) முழுவதும் மேலே, ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புவது) முழுவதும் வலது, ஐலரான் (இறக்கையைச் சாய்ப்பது) முழுவதும் ஒரு பக்கம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இருந்தால் முழுவதும் கீழே.

"அண்ணா, இப்படி வெச்சா தூக்குவிசை போயி ஸ்டால் ஆகி சுத்திக்கிட்டு கீழ விழுமேண்ணா?"

"விழணும்டா. அதுக்குத்தான்."

"நேரா க்ளைட் ஆகுற மாதிரி வெச்சா பொழைச்சிக்குமே?"

"அது பொழைச்சிக்கும். நேரா போய் யார் மேல இறங்கும்?"

சிக்னல் இல்லாமல் சமநிலையில் மிதக்கிற 10 கிலோ விமானத்தைவிட ஆபத்தானது மைதானத்தில் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் போகும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. சுழன்று விழுந்தால் இருக்கிற இடத்துக்குக் கீழேயே விழும். விமானத்தைப் பலி கொடுத்து ஆட்களைக் காப்பாற்றும் விதி இது, சொல்லப்பட்ட விதத்திலும் தயவு தாட்சண்யம் இல்லை. ஒரே குறை, விதி காரணத்தைச் சொல்வதில்லை. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில் ஒரு நொடி மட்டும் அறுந்து திரும்ப வருவதும் உண்டு. அந்த ஒரு நொடியில் தாழ்வாகப் பறக்கிற விமானம் சுழலத் தொடங்கிவிட்டால், சிக்னல் திரும்பி வந்தும் பயனில்லை. அப்படியே இருந்தாலும் நான் விதியின் பக்கம்தான். ஆன்டெனாவை, சிக்னலை மறைக்கும் கார்பன் ஃபைபருக்குள் புதைத்துவிட்டு விதியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

மோட்டார் பேட்டரியை இணைக்கும் ஃப்யூஸ் அல்லது ப்ளக் வெளியே, கையெட்டும் இடத்தில், மூடி எதுவும் திறக்காமல் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்ற விதிக்கு முழு மதிப்பெண். மூக்கில் ப்ரொப்பெல்லர் என்றால் அதற்குப் பின்னாலிருந்தே எட்ட வேண்டும். ப்ரொப்பெல்லர் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், நீங்களே செதுக்கக் கூடாது என்பதும் சரி. எஸ்ஏஈயில் உலோக ப்ரொப்பெல்லருக்கும் ஈயத்துக்கும் தடை. ரெகுலர் வகுப்பில், சில பாகங்கள் நீங்கலாக, கார்பன், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்குக்கும் தடை என்பது கூடுதல். பால்சாவையும் ப்ளைவுட்டையும் ஒழுங்காக வெட்டத் தெரிந்த பசங்களுக்கு அது நல்ல செய்தி.

இன்னொரு நல்ல விதி: ஏப்ரல் இறுதிப் போட்டிக்கு வரும் விமானம் அதற்கு முன்பே பறந்திருக்க வேண்டும், பறந்ததற்குப் படம் காட்ட வேண்டும், சக்கரம் தரையைத் தொடாமல் இருப்பது படத்தில் தெரிய வேண்டும். போட்டிக் களத்திலேயே முதல் பறப்பு என்று வந்து நிற்கிற பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி. என் மாதிரி ஆட்களுக்கு மார்ச் மாதத்தில் போன் வருவதற்கும் இதுதான் காரணம்.

ஆண்டுதோறும் பணி மாறுவது இந்தப் போட்டியின் பெரிய கவர்ச்சி. 2015-16-இல் ஒரு விமானம் இன்னொரு விமானத்தின் பாகங்களைச் சுமந்து போக வேண்டும். 2019-20-இல் பேனர் இழுக்க வேண்டும். கொரோனாவால் அந்த ஆண்டின் இறுதிப் பறப்பே நடக்கவில்லை என்பது பாவம். 2021-22-இல் தடுப்பூசிப் பெட்டிகளை இறங்கி இறங்கி ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வர வேண்டும், பெட்டியில் ஒட்டிய அதிர்ச்சி உணர்வி 25 ஜிக்கு மேல் போனால் காட்டிக்கொடுத்துவிடும். 2024-25-இல் எக்ஸ்-1 என்ற பெயரில் ஒரு குட்டி கிளைடரை மேலேயிருந்து விட வேண்டும்.

இவற்றில் 2022-23-தான் பைலட்டுக்குச் சரியான சோதனை. மின்னணுப் போர் விமானம் என்று கதை. ஒரு இறக்கை நுனியில் மட்டும் பிவிசி குழாயைச் செங்குத்தாக நட்டு, அதை ஜாமிங் ஆன்டெனா, அதாவது எதிரியின் சிக்னலைக் குழப்பும் ஆன்டெனா, என்றார்கள். குழாயின் நீளத்தை நேரத்தால் வகுத்தால் புள்ளி. நீளமாக வைத்தால் புள்ளி ஏறும், ஆனால் அந்தப் பக்கம் காற்றுத் தடையும் ஏறும். எடையைச் சரிக்கட்ட மறு நுனியில் பாரம் வைக்கலாம், காற்றுத் தடையைச் சரிக்கட்ட எதை வைப்பது? ரடர்தான். நேராகப் பறக்கவே ரடரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் விமானத்தில், அந்தப் பக்கத்துக்கே இன்னும் திரும்ப வேண்டுமென்றால் மிச்சம் இருக்கும் ரடர் கொஞ்சம். பயிற்சிக்காகக் குழாய் கட்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். இடது திருப்பம் வெண்ணெய், வலது திருப்பம் கெஞ்சல். எந்தப் பக்கம் குழாய் வைப்பது என்பதே ஒரு வடிவமைப்பு முடிவு என்று அப்போதுதான் குழுவுக்கு உறைத்தது, பாதையின் திருப்பங்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணத் தொடங்கினார்கள். இப்படி ஒரே வரி விதி இத்தனை யோசனையைக் கிளப்பினால் அதை எழுதியவர் கெட்டிக்காரர். அதே ஆண்டில் விமானம் முழுவதும், மாற்று இறக்கைகளோடு, நீள அகல உயரம் கூட்டினால் 62 அங்குலத்துக்கு மிகாத பெட்டியில் அடங்க வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். விமானப் பயணத்தில் செக்-இன் பெட்டிக்கு இருக்கிற அதே அளவு.

மாறாக, தடுப்பூசிப் பெட்டியைக் கீழே வைக்கும் பணி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பறப்பதைவிட, சர்வோ ஒன்று கதவைத் திறந்து ஒரு பெட்டியை மட்டும் விடுகிறதா என்பதில் மொத்த மாதங்களும் போய்விடுகின்றன. பொறிமுறை படிக்க நல்லது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறக்கையைப் பற்றிப் பேச ஆள் இல்லாத விமானக் குழுவைப் பார்த்தால் மனம் கொஞ்சம் வாடும். எஸ்ஏஈயும் இந்த விளையாட்டில் சளைத்ததில்லை. ஒரு ஆண்டு டென்னிஸ் பந்துகளைப் பயணிகளாக ஏற்றச் சொல்லி, காலி இருக்கைக்குப் புள்ளி குறைத்தார்கள்.

இனி அறிக்கை, அதாவது விமானத்தை ஏன் இப்படி வடிவமைத்தோம் என்று குழு எழுதித் தர வேண்டியது. விமானம் ஓட்டுகிறவன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: இந்தப் போட்டியில் எழுத்துக்கு இருக்கும் பலம் கைக்கு இல்லை. அறிக்கையின் மதிப்பெண்ணைப் பறப்புப் புள்ளிகளோடு கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். 90 வாங்கிய அறிக்கையோடு 4.5 பறப்புப் புள்ளி என்றால் 405. 70 அறிக்கையோடு 5.5 என்றால் 385. ஒரு முழுப் புள்ளி அதிகம் பறந்தும் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதோடு, நல்ல அறிக்கை எழுதியவர்களுக்கே பறப்பு வரிசையில் முன்னிடம். காலையில் காற்று அடங்கியிருக்கும்போது பறப்பதா, மதியம் புழுதி கிளம்பும்போது பறப்பதா என்பதையும் பிப்ரவரியில் எழுதிய 60 பக்கம் ஓரளவு தீர்மானிக்கிறது.

எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. வடிவமைப்புப் போட்டி என்று பெயர் வைத்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். பைலட் மாணவராக இருக்க வேண்டியதில்லை, அமெரிக்க மாடல் விமான அமைப்பான ஏஎம்ஏவின் உறுப்பினராக இருந்தால் போதும் என்பதும் அதே எண்ணத்தில் எழுதியதுதான்: கை வெளியிலிருந்து வரலாம், மூளை உள்ளேயே இருக்க வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது இறுதியாண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்துப் பார்க்கிறேன். சீனியர்கள் போனதும் குழு அனாதையாவதை அது தடுக்கிறது.

மனத்தாங்கல் தரையிறங்கும் விதியில்தான். மூன்று சுற்றையும் அழகாக முடித்துவிட்டு, இறங்கும்போது லேண்டிங் கியர் பிய்ந்து விமானம் உடைந்தால், அந்தப் பறப்புக்கு எதுவும் இல்லை. முதல் பறப்பை முடிக்காமல் இரண்டாவதுக்குப் போகவும் முடியாது, அதனால் ஒரு மோசமான இறக்கம் அந்த நாளையே சாப்பிட்டுவிடும். ஓடுதளத்தைவிட்டு உருண்டு வெளியே போனால் மன்னிப்பு உண்டு என்பது ஆறுதல். விமானம் முழுசாக இறங்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் எழும்பும் தூரத்துக்கு 20 அடி என்று எண் வைத்தவர்கள், இறக்கத்தில் எவ்வளவு உடைந்தால் உடைந்ததாகக் கணக்கு என்பதற்கு எண் வைக்காமல், அதை நடுவரின் கண்ணுக்கு விட்டிருக்கிறார்கள். கனத்த விமானத்தைக் குறுக்குக் காற்றில் இறக்குகிறவனின் முழங்கால் நடுக்கம் சூத்திரம் எழுதியவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்கள். அளவுகள் எல்லாம் அடி, அங்குலம், பவுண்டு. மில்லிமீட்டரில் வரைகிற குழுவில் யாராவது ஒருவர் மாற்றும் வேலையை மட்டுமே பார்க்க வேண்டும், அவர் வரைபடத்தில் இரண்டு அளவையும் எழுதிவைப்பது உத்தமம். படங்கள் போதுமான அளவு இல்லை, சில இடங்களில் வாசகத்தை மூன்று முறை படித்தால்தான் எது எதற்கு எதிரே நிற்கிறது என்று புரியும். விதி வெளியான பிறகு கேள்வி-பதில்களைத் தொகுத்துப் போடுகிறார்கள். அதைப் படிக்காதவன் பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறான். தாமதமாக வந்த அறிக்கை எடுத்துக்கொள்ளப்படாது என்பதில் எந்தக் கெஞ்சலும் நடக்காது.

யாருக்கு இது ஏற்றது? ஏற்கெனவே ஒரு விமானத்தையாவது கட்டி, பறக்கவிட்டு, உடைத்துப் பார்த்த குழுவுக்கு. ஃபோம்போர்டு அட்டையில் ஒரு விமானம்கூடச் செய்யாமல் நேராக இதில் இறங்கினால், சூத்திரம் புரிவதற்குள் டிசம்பர் வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்ஏஈ மைக்ரோ வகுப்பு போல 450 வாட் வரம்புக்குள் அடங்குகிற சின்னப் போட்டி முதலில் நல்லது. ஜெயிப்பதற்கு மட்டும் வருகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தெரியும். ஏன் இப்படிச் செய்தோம் என்று 60 பக்கம் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு விருந்து.

ஐந்துக்கு எத்தனை என்றால் நான்கு கொடுப்பேன். சோதனைப் பகுதிக்கு மட்டும் தனியாக ஐந்து. குறைத்த அந்த ஒன்று தரையிறக்கத்துக்கும், மற்றவரின் உச்சத்தை ஊகிக்க வைக்கிற வகுத்தலுக்கும் சேர்த்து. வாங்கிப் படிக்க காசு வேண்டாம், போட்டியின் இணையப் பக்கத்தில் பழைய ஆண்டு விதிகளும் கிடைக்கின்றன. புதிய விதி வந்ததும் முதலில் சூத்திரப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், அப்புறம் சோதனைப் பட்டியலை அச்செடுத்து விமானப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். பைலட்டைக் கூப்பிடும் முன் சிஜியை மட்டும் தயவுசெய்து எண்ணில் எழுதிவையுங்கள், மில்லிமீட்டரிலோ அங்குலத்திலோ, எதில் என்பதையும் சேர்த்து.